பதினொன்றும் பன்னிரண்டும்

மிரெல்லா பவான் அந்த மென்பொருளுக்கு இரண்டு முறை கையெழுத்துப் போட்டாள். முதல் முறை செப்டம்பரில், இரண்டாம் முறை மார்ச்சில். செப்டம்பர் கையெழுத்தை அசட்டை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். மார்ச் கையெழுத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது என்று அவளுக்கே தெரியும்.

யராபின் என்ற சின்ன ஊரில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவர்கள் அலுவலகம். மொத்தம் ஒன்பது பேர். முரம்பிட்ஜி ஆற்றிலிருந்து பிரிகிற பெரிய வாய்க்காலின் அறுபத்து நான்கு மதகுகளையும் ஓட்டுவது அவர்கள் எழுதிய மென்பொருள்தான். ஒவ்வொரு மதகின் தலையிலும் ஒரு சூரியத் தகடு, ஒரு ஏரியல், பெட்டிக்குள் ஒரு சின்னக் கணினி. விவசாயி போனில் தண்ணீருக்குப் பதிவு செய்தால் போதும். மதகுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, மேலிருந்து கீழாகத் தண்ணீரைக் கைமாற்றிக் கடைமடை வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

மற்றவர்கள் எழுதியதை உடைத்துப் பார்ப்பது மிரெல்லாவின் வேலை. பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறாள். ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓடுகிற மென்பொருளைச் சோதிப்பது தனிப் பாடு. தனியாக ஓட்டினால் ஒவ்வொரு மதகும் தங்கம். சேர்த்து ஓட்டும்போதுதான் வம்பு. எந்தக் கணத்தில் எது முந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆயிரம் தடவை ஓட்டினால் ஆயிரம் விதமாக முந்தும். ஆயிரத்து ஓராவது தடவை என்ன நடக்கும் என்பதை ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

முந்தைய வருடம் மதகுகள் அடிக்கடி உறைந்துபோயின. ஒரு மதகு பக்கத்து மதகோடு தண்ணீரைக் கைமாற்ற வேண்டுமானால், மேல் துண்டு, கீழ்த் துண்டு என்று இரண்டுக்கும் பொதுவான வாய்க்கால் துண்டுகள் இரண்டையும் ஒரே நேரத்தில் தன் பிடியில் வைத்திருக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு மதகுகள் ஆளுக்கொரு துண்டைப் பிடித்துக்கொண்டு, மற்றதை நீ விடு என்று காத்திருந்தால் கதை முடிந்தது. இரண்டும் அசையாது. தொழிலில் அதற்கு டெட்லாக் என்று பெயர். தண்ணீர் அலுவலகத்தில் திரை சிவப்பாகும், யாராவது போய் அணைத்துப் போட வேண்டும். தலைமை நிரலாளன் ஹமிஷ் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். அடுத்த துண்டு கிடைக்கவில்லையா, கையிலிருப்பதையும் விட்டுவிடு. அரை நொடி பொறு. மறுபடி கேள்.

அந்த வழியைச் சோதிக்கத்தான் செப்டம்பரில் மிரெல்லா அறுபத்து நான்கு பொய் மதகுகளைக் கணினியில் நிறுத்தி மூவாயிரம் தடவை ஓட்டினாள். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழாவது ஓட்டம் முடியவே இல்லை. உள்ளே பார்த்தாள். உறையவில்லை. இரண்டு மதகுகள் சுறுசுறுப்பாக வேலை செய்துகொண்டிருந்தன. பிடிப்பதும் விடுவதுமாக எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. தண்ணீர் மட்டும் நகரவில்லை.

"என்ன மிரெல்லா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? இந்தத் தடவையும் கேபிளா?" என்றான் ஹமிஷ், காபிக் கோப்பையோடு அவள் மேசையைக் கடந்தபடி.

அறையில் சிரிப்பு எழுந்தது. காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வெளியீட்டை அவள் இரண்டு வாரம் நிறுத்திவைத்தாள். சோதனை தவறுகிறது, விட மாட்டேன் என்று பிடிவாதம். கடைசியில் பார்த்தால், சோதனைக் கணினியின் பின்னால் ஒரு கேபிள் தளர்ந்து கிடந்தது. அன்றிலிருந்து அலுவலகத்தில் எது பழுதானாலும், ரொட்டி சுடும் பெட்டி சூடாகாவிட்டாலும்கூட, "மிரெல்லாவைக் கூப்பிடுங்கப்பா, கேபிளைப் பார்க்கச் சொல்லுங்க" என்பார்கள்.

"ஒண்ணுமில்ல, ஒரு ஓட்டம் தொங்கிடுச்சு. மறுபடி விட்டுப் பார்க்கிறேன்" என்றாள்.

"சீக்கிரம் பாரு. திங்கக்கிழமை வாய்க்கால் திறக்கிறாங்க."

மறுபடி ஓட்டினாள். பச்சை. இன்னொரு முறை. அதுவும் பச்சை. முடியாத அந்த ஓட்டத்தின் பதிவை ஒரு மூலையில் சேமித்துவிட்டு, அறிக்கையில் 'சோதனைக் கணினியின் கோளாறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதும்போதே அது அப்படி இல்லை என்று உள்ளே ஏதோ ஒன்று சொன்னது. இன்னொரு முறை சிரிப்புக்கு ஆளாவதற்கு அவளிடம் தெம்பு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஜனவரி கடைசியில், அந்த நாட்டுக் கோடையின் உச்சத்தில், வெயில் நாற்பத்து நான்கைத் தொட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் தண்ணீர் கேட்டார்கள். கடைமடையில் எழுபது ஹெக்டேர் நெல் போட்டிருந்த கெய்லீன் ட்ரெமெய்னும் கேட்டாள். நெல் பொதியில், அதாவது கதிர் இன்னும் தண்டுக்குள்ளேயே இருக்கிற பருவத்தில், இருந்தது. அந்தப் பருவத்தில் இரவுக் குளிர் பயிரின் வயிற்றில் அடித்துவிடும் என்பதால், குளிர் வருமுன் வயலில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலாகத் தண்ணீரைக் கட்டிப் பயிருக்குப் போர்வை போர்த்துவது அந்தப் பக்கத்து வழக்கம். வெள்ளி இரவு தெற்கிலிருந்து குளிர்காற்று வரும் என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். கெய்லீன் புதன்கிழமையே பதிவு செய்தாள். வியாழன் காலை தண்ணீர் கிளம்ப வேண்டும்.

கிளம்பவில்லை.

தண்ணீர் அலுவலகத்தில் திரை முன்னால் உட்கார்ந்திருந்தவர் நெவ் மாடக்ஸ். முப்பது வருடம் வாய்க்காலோடு வாழ்ந்தவர். மதகைக் கையால் சுழற்றிய காலத்திலிருந்து இருப்பவர், ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். கெய்லீன் வியாழன் மதியம் கூப்பிட்டாள். "பதினொண்ணு, பன்னெண்டு ரெண்டும் ஓடிட்டுத்தாம்மா இருக்கு. எல்லாம் பச்சை. வந்துரும்" என்றார். சாயங்காலமும் கூப்பிட்டாள். அதே பதில். வெள்ளி காலை அவள் குரல் உயர்ந்தது. "நெவ், உங்க திரையில பச்சை இருக்கலாம். என் வயல்ல சேறுதான் இருக்கு!" என்றாள். நெவ் வண்டியை எடுத்துக்கொண்டு பதினொன்றாம் மதகுக்குப் போனார். கதவு நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு விரற்கடை ஏறும், இறங்கும். ஏறும், இறங்கும். பெட்டியைத் திறந்து தானியங்கியை அணைத்து, கைப்பிடியைப் போட்டுச் சுழற்றி அவரே தண்ணீரைத் திறந்துவிட்டார்.

தண்ணீர் கெய்லீனின் வயலுக்குச் சனி மதியம் வந்து சேர்ந்தது. குளிர் வெள்ளி இரவே வந்துவிட்டிருந்தது.

சேதம் மார்ச் தொடக்கத்தில்தான் கண்ணுக்குத் தெரிந்தது. முன்னதாகவே தண்ணீர் கிடைத்திருந்த அக்கம்பக்கத்து வயல்களில் கதிர் கனத்துச் சாய்ந்தது. கெய்லீனுடையது விறைத்து நின்றது. உருவிப் பார்த்தால் எல்லாம் பதர்.

விசாரணை வைத்தார்கள். மதகுப் பதிவில் வியாழன் முழுக்க 'இயக்கத்தில்' என்றுதான் இருந்தது. வழக்கத்துக்கு மாறாக ஒன்றே ஒன்று: வெள்ளி காலை ஒன்பது நாற்பதுக்கு நெவ் மாடக்ஸ் தானியங்கியை அணைத்திருக்கிறார். போதாக்குறைக்கு, கெய்லீனின் முதல் இரண்டு அழைப்புகளை அவர் குறிப்பேட்டில் ஏற்றவில்லை. மென்பொருள் ஒழுங்காக ஓடியதா என்று தண்ணீர் அலுவலகம் மிரெல்லாவின் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியது. பதிவையும் கூடவே அனுப்பியிருந்தார்கள்.

மிரெல்லா பதிவைத் திறந்தாள். பதினொன்று பிடித்தது, விட்டது. பன்னிரண்டு பிடித்தது, விட்டது. நிமிடத்துக்கு அறுபது தடவை, அதே நொடியில், அதே வரிசையில், மூன்றாவது பக்கம், முப்பதாவது பக்கம், முந்நூறாவது பக்கம். ஒரு முறை பார்த்த முகத்தைத் தெருவில் மறுபடி பார்த்ததுபோல் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"ஹமிஷ், இதக் கொஞ்சம் பாரேன்."

"என்ன பார்க்கிறது? ஓடிட்டுத்தானே இருக்கு? உறையலையே?"

"ஓடுது. ஆனா..."

"ஆனா என்ன? நீதானே சோதிச்ச? மூவாயிரம் ஓட்டம், மென்பொருள் சரியா இருக்குன்னு நீதானே எழுதிக் குடுத்த?" அவன் குரலில் கோபம் இல்லை, அவசரம்தான் இருந்தது. "மென்பொருள்ல கோளாறு இல்லன்னு ரெண்டு வரி போட்டு அனுப்பிடு. அவங்க மூணு மணிக்குக் கேக்கறாங்க."

நீதானே எழுதிக் கொடுத்தாய். அந்த வார்த்தை அவள் வாயை அடைத்தது. இப்போது வாயைத் திறந்தால் செப்டம்பரைச் சேர்த்துத் திறக்க வேண்டும். இரண்டே முக்காலுக்கு இரண்டு வரி எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாளில் நெவ்வை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

அதற்குப் பிறகு மிரெல்லாவுக்குச் சோறு இறங்கவில்லை என்றெல்லாம் சொல்ல முடியாது. சாப்பிட்டாள், தூங்கினாள், ஞாயிறன்று அம்மா வீட்டுக்குப் போய்ப் பாஸ்தாவுக்கு மாவு பிசைந்தாள். ஆனால் வாய்க்கால் பாலத்தைக் கடக்கும்போது தண்ணீர்ப் பக்கம் பார்க்காமல் வண்டி ஓட்டப் பழகிக்கொண்டாள். நெவ்வின் பெயர் யார் வாயில் வந்தாலும் அந்த இடத்தில் அவளுக்கு வேறு வேலை வந்துவிடும்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, சூப்பர் மார்க்கெட்டில், தக்காளி அடுக்கியிருந்த இடத்தில் அவரே எதிரில் வந்து நின்றார்.

"அட, மிரெல்லா! எப்படி இருக்க? உங்கப்பா முட்டி ஆபரேஷன் எப்படி ஆச்சு?"

"நல்லா... நல்லா இருக்காரு நெவ். நீங்க..."

"எனக்கென்ன, வீட்ல புல்லு வெட்டிட்டு இருக்கேன்." சிரித்தார். பிறகு தள்ளுவண்டியின் கைப்பிடியைத் தடவியபடியே, "உங்க மென்பொருள்ல ஒண்ணும் இல்லன்னு நீ எழுதியிருந்ததப் படிச்சுக் காட்டினாங்க. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும், நீ ஒண்ணையும் லேசுல விடமாட்டியே. எனக்குத்தான் கண்ணு போயிடுச்சு போல. அந்தக் கதவு நடுங்கினதப் பார்த்தேன்னு நினைச்சேன். சத்தியமாப் பார்த்தேன்னு நினைச்சேன். வயசாகுதுல்ல? திங்கக்கிழமை கண் டாக்டரப் பார்க்கப் போறேன்."

மிரெல்லா பை நிறையத் தக்காளியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள். வண்டிக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த மனிதர் தன் கண்ணையே சந்தேகப்படுகிறார்.

திங்கட்கிழமை முதல் நான்கு நாள் அவள் வேறு வேலை தொடவில்லை. அதிர்ஷ்டத்தை நம்பி ஓட்டுகிற சோதனையைத் தூக்கிப் போட்டாள். எந்த இடத்தில் இரண்டு மதகும் ஒன்றையொன்று தாண்டிப் போகின்றனவோ, சரியாக அந்த இடத்தில் நிரலுக்குள் சின்னச் சின்ன நிறுத்தங்களை வைத்தாள். பதினொன்று மேல் துண்டைப் பிடித்ததும் நில். பன்னிரண்டு கீழ்த் துண்டைப் பிடிக்கும்வரை நில். இப்போது இரண்டும் கிளம்பு. இரண்டுக்கும் அதே அரை நொடிக் காத்திருப்பு. ரேடியோவும் இரண்டையும் ஒரே துடிப்பில் கூப்பிடுகிறது. விட்டன, பிடித்தன, விட்டன. நூறு ஓட்டம் ஓட்டினாள். நூறும் முடியவில்லை. வியாழன் மதியம் ஹமிஷைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவன் வெகுநேரம் திரையைப் பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"லைவ்லாக்" என்றான். "உறையாம, ஓடிட்டே மாட்டிக்கிட்டு நிக்குது. சே. என் தப்பு. ரெண்டுக்கும் ஒரே அரை நொடி வச்சிருக்கேன் பாரு, முட்டாள். எல்லாரும் மேல் துண்டத்தான் முதல்ல பிடிக்கணும்னு வச்சாலே போதும், சண்டையே வராது. ஒரு நாள் வேலை. அடுத்த வெளியீட்ல சேர்த்துடலாம், மிரெல்லா."

"நெவ்?"

"அது தண்ணி ஆபீஸ் விவகாரம்."

"அவரு கதவு நடுங்கினதப் பார்த்திருக்காரு, ஹமிஷ். அதத்தான் நம்ம மென்பொருள் செஞ்சது."

"தெரியுது. ஆனா இப்ப போய்ச் சொன்னா, மார்ச்ல ஏன் கோளாறு இல்லன்னு எழுதினீங்கன்னு கேப்பாங்க. உன்னத்தான் கேப்பாங்க. யோசிச்சுப் பாரு."

"செப்டம்பர்லயே எனக்குத் தெரியும்" என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

"ஒரு ஓட்டம் தொங்கிச்சு. இதே மாதிரி. கேபிளான்னு கேட்ட. எல்லாரும் சிரிச்சீங்க. உன்மேல பழி போடல, நான்தான் எழுதினேன், கணினிக் கோளாறுன்னு. பதிவு இன்னும் என்கிட்ட இருக்கு."

ஹமிஷ் எழுந்து போய் ஜன்னலருகே நின்றான். கீழே டயர் கடையில் யாரோ சக்கரத்தை உருட்டிக்கொண்டிருந்தார்கள். "எனக்கு மூணு பசங்க இருக்காங்க, மிரெல்லா. இந்த ஒப்பந்தம் போச்சுன்னா ஒன்பது பேரும் தெருவுலதான்" என்றான் கடைசியில். அவன் சொன்னதும் நியாயம்தான். அதுதான் அவளுக்கு இன்னும் கனத்தது.

அன்று சாயங்காலம் அவள் நெவ் வீட்டுக்குப் போனாள். அவர் கொட்டகையில் புல்வெட்டும் இயந்திரத்தைக் கவிழ்த்துப்போட்டு அலகைத் தீட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். அவள் உட்காராமல் நின்றபடியே சொன்னாள். நடுவில் அவருக்குப் புரியாத இடத்தில் நிறுத்தினார்.

"பொறு. ரெண்டும் வேலை செஞ்சுதுங்கிற. அப்புறம் ஏன் தண்ணி வரல?"

"ஒத்தை வண்டிப் பாலம் இருக்கே, ஆலைப் பக்கம். ரெண்டு கரையிலிருந்தும் வண்டி ஏறுது. ஒருத்தர ஒருத்தர் பார்த்து ரெண்டு பேரும் மரியாதையா ரிவர்ஸ் எடுக்கறாங்க. அரை நொடி நின்னு, சரி, அவர் விட்டுட்டாருன்னு ரெண்டு பேரும் மறுபடி ஏறுறாங்க. நாள் முழுக்க. இன்ஜின் ஓடுது, சக்கரம் சுத்துது. திரைக்கு அது மட்டுந்தான் தெரியும். அதான் பச்சை."

"அப்ப கதவு நடுங்கிச்சு."

"நடுங்கிச்சு, நெவ். உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல."

அவர் அரத்தைக் கீழே வைத்தார். துணியில் கையைத் துடைத்தார். விரல் விரலாக, நிதானமாக.

"செப்டம்பர்ல எத்தனை தடவை பார்த்த?"

"ஒரே ஒரு தடவை."

"பார்த்ததுதானே?"

"ஆமா."

"மார்ச்ல எழுதினப்ப?"

"தெரிஞ்சுதான் எழுதினேன்."

அவர் துணியை மடித்து வைத்தார். "என் பொண்டாட்டி என்னைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. அங்க எழுத்தெல்லாம் சரியாப் படிச்சேன். அப்ப மூளையில ஏதாவதுன்னு பயந்துட்டா. ராத்திரியெல்லாம் அழுதா. அதச் சொல்லணும்னு தோணுது, சொல்லிட்டேன்." அலகை எடுத்து மறுபடி தீட்டத் தொடங்கினார். "கெய்லீன் மூணு தடவை கூப்பிட்டா. முதல் தடவையே நான் வண்டிய எடுத்திருக்கணும். முப்பது வருஷம் தண்ணியத்தான் பார்த்தேன். அன்னிக்குத் திரையப் பார்த்தேன். அந்தப் பங்கு என்னுது, அத உனக்குத் தர மாட்டேன். மீதிய நீ எடுத்துக்க. கிளம்பு இப்ப."

மறுநாள் காலை மிரெல்லா தண்ணீர் அலுவலகத்துக்கு மூன்று பக்கம் எழுதினாள். செப்டம்பர் பதிவு, ஜனவரி பதிவு, நூறில் நூறும் தொங்குகிற புதிய சோதனை, எல்லாம் சேர்த்தாள். 'கோளாறு இல்லை என்று நான் கொடுத்த சான்று பொய். கொடுக்கும்போதே எனக்குத் தெரியும்' என்று எழுதினாள். ஹமிஷிடம் காட்டினாள். அவன் படித்துவிட்டு, "என் திருத்தத்தையும் சேர்த்து அனுப்பு. கீழ என் பேரையும் போடு" என்றான். அதற்குப் பிறகு பல வாரம் அவளிடம் வேலையைத் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

ஒப்பந்தம் போகவில்லை. ஒரு வருடத்துக்குச் சுருக்கினார்கள், வெளியிலிருந்து ஒருவர் வந்து ஒவ்வொரு சோதனையையும் பார்ப்பார் என்றார்கள். மிரெல்லாவின் கையெழுத்து இனி தனியாகச் செல்லாது. நெவ்வைத் திரும்ப அழைத்தார்கள். அவர் ஒரு நிபந்தனை வைத்தார். திரையில் மதகு ஓடுகிறதா என்று காட்டினால் போதாது, தண்ணீர் எவ்வளவு கடந்தது என்று காட்ட வேண்டும். அதைச் செய்துகொடுத்தது மிரெல்லாதான். சரிபார்க்கப் போன அன்று அவர் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். முட்டி ஆபரேஷனைப் பற்றிக் கேட்கவில்லை.

பாக்கி இருந்தது கெய்லீன். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிரெல்லா அவள் வயலுக்குப் போனாள். அறுவடைக்கு அர்த்தமில்லாத அந்த வயலில் கெய்லீன் மாடுகளை மேய விட்டிருந்தாள். மின்கம்பி வேலியைப் பிடுங்கி அடுத்த பாத்திக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். அறுபது வயது, வெயிலில் வெந்த கழுத்து, ஆண்பிள்ளைத் தொப்பி.

"நீதானா அது? கடிதத்த எனக்கும் அனுப்பியிருந்தாங்க. என்னத்துக்கு வந்த?"

"நேர்ல சொல்லணும்னு..."

"சரி, சொல்லு."

"என்னாலதான். மன்னிச்சிடுங்க."

"சொல்லிட்ட." கெய்லீன் ஒரு கம்பத்தைப் பிடுங்கினாள். "இப்ப நான் பரவால்ல விடும்மான்னு சொல்லணும். நீ அழுதுட்டுப் போவ, ராத்திரி நிம்மதியாத் தூங்குவ. எனக்கு அப்படிச் சொல்ல வரல, கண்ணு. எழுபது ஹெக்டேர். மாடு தின்னுட்டிருக்கு பாரு. மாட்டுக்குச் சந்தோஷந்தான்."

மிரெல்லா நின்றாள். திரும்பிப் போவதா நிற்பதா என்று தெரியவில்லை.

"சும்மா நிக்காத. அந்தக் கம்பிச் சுருளப் பிடி. இழுக்காத, நான் நடக்கறப்ப விட்டுக் குடு."

அவள் சுருளைப் பிடித்துக்கொண்டாள். வயலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இருவரும் நடந்தார்கள். காலில் வைக்கோலும் பதரும் நொறுங்கின. செருப்புக்குள் சேறு ஏறியது. கெய்லீன் கம்பத்தை ஊன்றுவாள், மிதிப்பாள், கம்பியை மாட்டுவாள். பதினைந்து இருபது கம்பம் ஆயிற்று.

"வர்ற வருஷமும் நெல்லுதான் போடுறேன். தண்ணி கேட்டா வந்துடுமா?" என்றாள் திடீரென்று.

வரும் என்று சொல்ல மிரெல்லாவுக்கு ஆசையாக இருந்தது. அந்த ஒரு சொல்லுக்காக அந்த அம்மாள் முகம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் சோதிச்ச வரைக்கும் வரும்" என்றாள்.

"இது ஒரு பதிலா?"

"இல்ல. ஆனா இதுக்கு மேல சொன்னா பொய் ஆயிடும்."

கெய்லீன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து அடுத்த கம்பத்தை எடுத்து, கூர்முனை கீழே இருக்கும்படி, அவள் கையில் கொடுத்தாள்.